மூக்கும் நிற்கணும், கண்ணும் சொருகக் கூடாது: எந்த அலர்ஜி மாத்திரை?

நெய்வேலி சுரங்கத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர், கடலூர் சிப்காட்டில் கெமிக்கல் பிளாண்டில் நிற்கிறவர், புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ் ஓட்டுகிறவர். இவர்களில் யாருக்கு அடுக்குத் தும்மலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தாலும் மருந்துக் கடையில் சொல்வது ஒன்றுதான்: "அலர்ஜிக்கு ஒரு மாத்திரை குடுங்க." கடைக்காரர் கையில் வருவது மட்டும் ஒரே மாத்திரையாக இருக்காது. ஒரு கடையில் சி.பி.எம். அல்லது அவில் தருவார்கள், இன்னொரு கடையில் செட்ரிசின் அல்லது லெவோசெட்ரிசின். கொஞ்சம் பெரிய கடையாக இருந்தால் ஃபெக்ஸோஃபெனடினும் பிலாஸ்டினும் இருக்கும்.

இவை எல்லாமே மூக்கிலும் தோலிலும் செய்கிற வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். "ஸ்ட்ராங்கான மாத்திரை போட்டேன், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன்" என்று சொல்கிறவர்கள் தூக்கத்தை வைத்து மருந்தின் பலத்தை அளக்கிறார்கள். அந்தக் கணக்கு தவறு. தூக்கம் வந்தால் மருந்து மூளைக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். அலர்ஜி அடங்க மருந்து மூளைக்குள் போகத் தேவையே இல்லை. எந்த மாத்திரை உள்ளே போகிறது, எது வாசலோடு திரும்புகிறது என்று தெரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

ஹிஸ்டமினுக்கு இரண்டு ஊர்

தூசி, மகரந்தம், இறால் என்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஏதோ ஒன்று பட்டதும் மாஸ்ட் செல்கள் என்னும் காவல் செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. அது மூக்கிலும் தோலிலும் உள்ள செல்களின் எச்1 ஏற்பிகளில், அதாவது ஹிஸ்டமின் என்ற சாவிக்கான பூட்டுகளில், போய் ஒட்டுகிறது. அரிப்பு, தும்மல், மூக்கு ஒழுகல், தடிப்பு எல்லாம் அங்கிருந்து வருகிறவை. அலர்ஜி மாத்திரையின் வேலை அந்த ஏற்பியை முன்கூட்டியே பிடித்துக்கொள்வது.

அதே எச்1 ஏற்பி மூளையிலும் உண்டு. ஹைப்போதலாமஸின் பின்பகுதியில் உள்ள ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம் தனக்கென்று தனியாக ஹிஸ்டமின் தயாரித்து மூளை முழுவதும் அனுப்புகிறது. நாம் விழித்திருப்பதில், கவனத்தோடு இருப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அந்த ஏற்பியை அடைத்தால் கண் சொருகும், எதிரே வரும் வண்டியைக் கவனிக்கிற வேகம் குறையும்.

இந்த இரண்டு ஹிஸ்டமினும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ரத்தத்தில் ஓடும் ஹிஸ்டமின் மூளைக்குள் நுழைவது மிகக் குறைவு. நம் கடற்கரைக்காரர்களுக்குப் பழக்கமான உதாரணம் ஒன்று உண்டு. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் விட்டால், பாக்டீரியாக்கள் அவற்றின் தசையில் உள்ள ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். குழம்பு கொதித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு அரிக்கும். வயிற்றிலிருந்து அவ்வளவு ஹிஸ்டமின் ரத்தத்தில் ஏறியும் விழிப்புச் சுற்றை அது நேராகப் போய்த் தொடுவதில்லை. வெளியே உள்ள ஹிஸ்டமினை அடக்க வெளியே மட்டும் சுற்றுகிற மருந்தே போதும் என்பது இதிலிருந்து கிடைக்கிற முடிவு.

நடுவே நிற்கும் சுவர்

உடம்பின் மற்ற இடங்களில் நுண்ரத்தக் குழாய்ச் சுவரின் செல்களுக்கு நடுவே சிறு இடைவெளிகள் உண்டு. மூளையில் அந்த இடைவெளி இல்லை. செல்லும் செல்லும் சேரும் இடத்தைக் கிளாடின்-5 போன்ற புரதங்கள் தைத்து மூடியிருக்கின்றன. வெளிப்பக்கம் பெரிசைட் செல்களும் அஸ்ட்ரோசைட்டின் பாத நீட்சிகளும் போர்த்தி நிற்கின்றன. மூளையின் நுண்குழாய்களை நீட்டிப் போட்டால் சுமார் 600 கி.மீ. வரும் என்கிறார்கள். அவ்வளவு நீளத்துக்கும் இந்தத் தையல் உண்டு. 1885-ல் பால் எர்லிக் விலங்கின் ரத்தத்தில் சாயம் ஏற்றியபோது மற்ற உறுப்புகள் நிறம் பிடிக்க, மூளை மட்டும் வெளுப்பாக நின்றது. 1913-ல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் சாயத்தை மூளைத் தண்டுவட நீரில் செலுத்தினார். மூளை நிறம் பிடித்தது, மற்ற உறுப்புகள் பிடிக்கவில்லை. மூளைக்குச் சாயம் பிடிக்காமல் இல்லை, நடுவில்தான் ஏதோ தடுக்கிறது என்பது அப்போது தெளிவானது. அந்தத் தையலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்தது 1967-ல்.

இந்தச் சுவரைத் தாண்டும் வழிகளில் முதலாவது கொழுப்பில் கரைந்து செல்லின் ஊடாகவே நழுவிப் போவது. மூலக்கூறின் எடை சுமார் 400, 500 டால்டனுக்குள் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) இருந்து, நீரோடு ஒட்டும் முனைகளும் குறைவாக இருந்தால் இது எளிது. ஆல்கஹால், நிகோட்டின், காபியில் உள்ள கஃபீன் எல்லாம் எளிதாக உள்ளே போய்விடுகிறவை. அடுத்து, உள்ளே எடுத்துச் செல்லும் கடத்திகள். குளுக்கோஸை ஜிஎல்யூடி1 கடத்துகிறது, லெவோடோபாவை எல்ஏடி1 கடத்துகிறது. டோபமின் தானாக இந்தச் சுவரைத் தாண்டாது. பார்க்கின்சன் நோயாளிக்கு டோபமினைத் தராமல், உள்ளே போய் டோபமினாக மாறும் லெவோடோபா தருவது அதனால்தான். இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின் போன்ற பெரிய புரதங்கள் சுவரிலுள்ள தங்கள் ஏற்பியில் ஒட்டி, ஒரு பையில் சுருட்டப்பட்டு உள்ளே போகின்றன.

நமக்கு வேண்டிய கதை இவற்றில் இல்லை. சுவரின் ரத்தப் பக்கத்தில் பி-கிளைக்கோபுரதம் என்று ஒரு பம்பு இருக்கிறது. செல்லுக்குள் நுழைந்துவிட்ட மருந்தைக்கூட செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து ரத்தத்துக்கே திருப்பித் தள்ளும். விருந்தாளி திண்ணை வரை வரலாம், நடைக்குள் கால் வைத்தால் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துத் திரும்ப உட்கார வைத்துவிடுவார் என்கிற ஏற்பாடு. வயிற்றுப்போக்குக்குப் போடும் லோபரமைடு ஓபியாய்டு வகையைச் சேர்ந்ததுதான். சாதாரண அளவில் போதை தராததற்குப் பெரிய காரணம் இந்தப் பம்பு. 1990களில் நெதர்லாந்து ஆய்வகம் ஒன்றில் இந்தப் பம்பின் மரபணுவை நீக்கி எலிகள் வளர்த்தார்கள். உண்ணியை ஒழிக்க வழக்கம்போல ஐவர்மெக்டின் கொடுத்தபோது, மற்ற எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்த எலிகள் செத்து விழுந்தன. மருந்து மூளையில் போய்க் குவிந்திருந்தது. இந்தப் பம்பு சும்மா இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

மாத்திரைகள் சுவரில் மோதும்போது

சி.பி.எம். என்கிற குளோர்ஃபெனிரமின் சுமார் 275 டால்டன், கொழுப்பில் நன்றாகக் கரைவது. பம்பும் இதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அவிலில் உள்ள ஃபெனிரமின் இதற்கு நெருங்கிய உறவு: குளோரின் அணு ஒன்று குறைவு, குணம் அதே. இருமல் மருந்துகளில் வரும் டைஃபென்ஹைட்ரமின் இன்னும் ஒருபடி மேல். அதை உள்ளே இழுத்துக்கொள்ளும் கடத்தி ஒன்றே சுவரில் இருக்கிறது. எலிகளில் அளந்து பார்த்தால் புரதங்களோடு ஒட்டாமல் தனியாகத் திரியும் அதன் அளவு ரத்தத்தைவிட மூளையில் பல மடங்கு அதிகம்.

செட்ரிசின் வந்த வழி சுவாரசியமானது. தோல் அரிப்புக்கு இரவில் எழுதித் தரும் ஹைட்ராக்சிசின் நன்றாகத் தூங்க வைக்கும். அதைக் கல்லீரல் உடைக்கும்போது மூலக்கூறின் ஒரு முனையில் உள்ள ஆல்கஹால் பகுதி அமிலமாக மாறுகிறது. அப்படிக் கிடைப்பதே செட்ரிசின். ஒரு முனை மாறியதில் ஒரே மூலக்கூறில் நேர் மின்னேற்றமும் எதிர் மின்னேற்றமும் வந்துவிட்டன, கொழுப்பில் நழுவுகிற லாவகம் குறைந்தது, மூளைக்குள் போகிற அளவும் இறங்கியது. இறங்கியதே தவிர, நிற்கவில்லை. லெவோசெட்ரிசின் என்பது செட்ரிசினின் இரண்டு கண்ணாடிப் பிம்பங்களில் வேலை செய்கிற பாதி. அதனால்தான் 10 மி.கி. செட்ரிசினுக்குப் பதில் 5 மி.கி. போதும். "லெவோ என்றால் தூக்கமே வராது" என்று கடையில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

ஃபெக்ஸோஃபெனடினும் இப்படிப் பிறந்ததுதான். இதயத் துடிப்பைக் கெடுத்ததால் 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட டெர்ஃபெனடின் உடம்பில் மாறிக் கிடைக்கும் அமில வடிவம் இது. சுமார் 502 டால்டன், இரண்டு மின்னேற்றமும் உண்டு, போதாக்குறைக்குப் பம்புக்குப் பிடித்தமான சரக்கு. மூன்று தடையும் ஒரே மூலக்கூறில். பிலாஸ்டினும் சுமார் 464 டால்டனில் அதே வகையில் வருகிறது.

இதெல்லாம் காகிதக் கணக்கு என்று விட்டுவிட வேண்டாம். எச்1 ஏற்பியில் ஒட்டும் டாக்ஸெபின் என்ற மருந்தில் கதிரியக்கக் கார்பன் ஏற்றி, அதை உடம்பில் செலுத்திப் பெட் ஸ்கேன் எடுத்தால், மூளையின் எச்1 ஏற்பிகளில் எத்தனை சதவீதத்தை மாத்திரை பிடித்துவிட்டது என்று அளக்கலாம். ஜப்பானிலும் வெளியிலும் இப்படி அளந்திருக்கிறார்கள். குளோர்ஃபெனிரமினின் இரண்டு கண்ணாடிப் பிம்பங்களில் வேலை செய்கிற பாதியை மட்டும் 2 மி.கி. கொடுத்தபோது சுமார் பாதி ஏற்பிகள் அடைபட்டன. நம்மூர் 4 மி.கி. மாத்திரையில் அந்தப் பாதி இருப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான் என்பதை நினைவில் வையுங்கள். செட்ரிசின் 10 மி.கி.க்கு சுமார் 13 சதவீதம், அதையே 20 மி.கி. ஆக்கினால் 25. ஃபெக்ஸோஃபெனடின் 120 மி.கி.க்கும் பிலாஸ்டின் 20 மி.கி.க்கும் பூஜ்யத்தை ஒட்டியே வந்தது. 20 சதவீதத்துக்குக் கீழ் என்றால் தூக்கம் தராதது, 50க்கு மேல் என்றால் தூக்க மருந்து வகை என்று பிரிப்பது வழக்கம். செட்ரிசின் ஒற்றை மாத்திரையில் நல்ல பிள்ளை, இரட்டையில் நடுத்தரம்.

வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டிய சோதனை

2000-ம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாவில் ஓட்டுநர் சிமுலேட்டரில் 40 பேரை வைத்து ஒப்பிட்டார்கள். ஒரு தடவை டைஃபென்ஹைட்ரமின் 50 மி.கி., ஒரு தடவை ஃபெக்ஸோஃபெனடின் 60 மி.கி., ஒரு தடவை ரத்தத்தில் 0.1 சதவீதம் ஏறும் அளவுக்கு மது, ஒரு தடவை மருந்தே இல்லாத போலி மாத்திரை. முன்னால் போகிற வண்டியோடு சீராகப் போவதில் டைஃபென்ஹைட்ரமின் போட்டவர்கள் குடித்தவர்களைவிட மோசம். ஃபெக்ஸோஃபெனடின் போட்டவர்கள் போலி மாத்திரை போட்டவர்களைப் போலவே ஓட்டினார்கள். இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் மது அளவு 0.03 சதவீதம்தான்.

அந்தச் சோதனையில் இன்னொன்றும் வெளிவந்தது. தூக்கம் வருகிறதா என்று கேட்டபோது ஓட்டுநர்கள் சொன்ன பதிலுக்கும் அவர்கள் ஓட்டிய லட்சணத்துக்கும் பெரிய பொருத்தம் இல்லை. "எனக்கு அவில் போட்டாலும் ஒண்ணும் பண்ணாது" என்கிறவரின் பேச்சை வைத்து ஸ்டியரிங்கைக் கொடுக்கக் கூடாது. அவருக்குக் கொட்டாவி வராமல் இருக்கலாம். பிரேக்கில் கால் போகும் நேரம் நீண்டிருக்கும்.

ராத்திரி போட்டுக்கொண்டு காலையில் ஓட்டலாமே என்றால், அதுவும் சரிப்படாது. டைஃபென்ஹைட்ரமின் 50 மி.கி. இரவில் போட்டு, சுமார் 12 மணி நேரம் கழித்து மறுநாள் பகலில் பெட் ஸ்கேன் எடுத்தபோது ஏற்பிகளில் ஏறக்குறைய 45 சதவீதம் இன்னும் அடைபட்டே இருந்தது. சி.பி.எம். பாதியாகக் குறையவே பெரியவர்களுக்கு ஒரு நாளை ஒட்டி ஆகும். மூக்கில் அதன் பலன் சில மணி நேரம்தான் தெரிகிறது, அதனால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடச் சொல்கிறார்கள். மூளையிலோ மிச்சம் சேர்ந்துகொண்டே போகிறது. மலிவான மாத்திரையின் மறைவான விலை இதுதான்.

எதை, யார், எப்படி

கனரக இயந்திரம், பஸ், லாரி, போட் ஓட்டுகிறவர், உயரத்தில் ஏறி வேலை பார்க்கிறவர், தேர்வு எழுதப் போகிற பிள்ளை: இவர்களுக்கு முதல் தேர்வு ஃபெக்ஸோஃபெனடின் அல்லது பிலாஸ்டின். அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை விமானிகளுக்கு ஃபெக்ஸோஃபெனடினையும் லோராடடினையும் அனுமதிக்கிறது, செட்ரிசினை அனுமதிப்பதில்லை. விமானிக்குப் பொருந்துவது பஸ் டிரைவருக்கும் பொருந்தும் என்பதே எங்கள் கட்சி.

ஃபெக்ஸோஃபெனடினில் பெரியவர்களுக்கு மூக்கு அலர்ஜிக்கு 120 மி.கி., தடிப்புக்கு 180 மி.கி., நாளுக்கு ஒன்று. "போட்டேன், கேட்கவே இல்லை" என்று வருகிறவர்களில் பலர் அதை எதனோடு விழுங்கினார்கள் என்று கேளுங்கள். கிரேப்ஃப்ரூட், ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் ரத்தத்தில் ஏறும் அளவு பாதிக்கும் கீழே போய்விடும். குடல் சுவரில் மருந்தை உள்ளே எடுக்கும் கடத்தியை இந்த ஜூஸ்கள் அடைத்துவிடுகின்றன. சாத்துக்குடியும் அதே குடும்பம் என்பதால் அந்த நேரத்தில் ஒதுக்கிவிடுவது நல்லது. அலுமினியமும் மக்னீசியமும் கலந்த ஜெலுசில் வகை மருந்தை அதோடு சேர்த்துப் போட்டாலும் சுமார் 40 சதவீதம் குறையும். இரண்டுக்கும் நடுவே 2 மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீரோடு விழுங்கினால் வேலை முடிந்தது. மூளைச் சுவரில் அதைத் திருப்பி அனுப்பும் குணமே குடலிலும் அதை இழுபறியாக்குகிறது. ஒன்று வேண்டுமென்றால் மற்றதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பிலாஸ்டின் 20 மி.கி. நாளுக்கு ஒன்று, 12 வயதுக்கு மேல். வெறும் வயிற்றில்தான் போட வேண்டும்: சாப்பிடுவதற்கு 1 மணி நேரம் முன்னால், அல்லது சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து. சோற்றோடு போட்டால் சுமார் 30 சதவீதம் வீணாகும். காலை டீ, டிபன், பதினோரு மணி டீ என்று ஓடுகிற நாளில் இந்த இடைவெளி கிடைப்பது சிரமம். இரவு ஷிப்ட்காரருக்குச் சுலபமாக வாய்க்கும். ஒழுங்காக நேரம் பார்க்க முடியாதவர் ஃபெக்ஸோஃபெனடினோடு நிற்பதே மேல்.

வீட்டிலும் ஆபீஸிலும் இருக்கிறவருக்குச் செட்ரிசின் 10 மி.கி. இரவில் ஒன்று நியாயமான தேர்வு. விலை குறைவு, ஒரு மணி நேரத்துக்குள் கேட்கும், தடிப்புக்கு நன்றாக வேலை செய்யும். அமெரிக்க லேபிளிலேயே 10 மி.கி. போட்டவர்களில் 14 சதவீதம் பேருக்கும், போலி மாத்திரை போட்டவர்களில் 6 சதவீதம் பேருக்கும் தூக்கக் கலக்கம் வந்ததாக எழுதியிருக்கிறது. எல்லோருக்கும் வராது, சிலருக்கு நிச்சயம் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். செட்ரிசின் பெரும்பாலும் மாறாமல் சிறுநீரிலேயே போகிறது. சிறுநீரகம் மந்தமானால் மருந்து ரத்தத்தில் தேங்கும், தேங்கினால் சுவரில் மோதுகிற அளவும் கூடும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்கள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனை பார்த்துவிட்டு டாக்டரிடம் அளவு கேட்பது நல்லது, பெரும்பாலும் பாதியாகக் குறைப்பார். மாதக்கணக்கில் தினம் போட்டுவிட்டு நிறுத்தினால் சிலருக்குக் கடுமையான அரிப்பு வருவதாக 2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. அதை அலர்ஜி திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாள்பட்ட தடிப்புக்குத் தோல் டாக்டர்கள் சில நேரம் அளவை இரண்டு மடங்கு, நான்கு மடங்குகூட உயர்த்துவார்கள். அந்த இடத்தில் தேர்வு இன்னும் முக்கியமாகிறது. செட்ரிசினை ஏற்றினால் மூளையிலும் ஏறும் என்பதை ஸ்கேன் எண்களில் பார்த்தோம். சாதாரண அளவில் லோராடடின் 10 மி.கி. சாதுதான். கல்லீரலில் மாறி நீண்ட நேரம் நிற்கும், வேலையைத் தொடங்கக் கொஞ்சம் தாமதம். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்போது சி.பி.எம்., அவில் யாருக்கு? நேர்மையாகச் சொன்னால் மிகச் சிலருக்கு. அறுபத்தைந்து வயது தாண்டியவருக்குக் கூடவே கூடாது என்று அமெரிக்க முதியோர் மருத்துவர்களின் பட்டியல் சொல்கிறது. இவை எச்1 ஏற்பியோடு நிற்காமல், அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளின் ஏற்பியையும் அடைக்கும். வாய் உலரும், பிராஸ்டேட் வீங்கிய தாத்தாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், குறுகிய கோண கண் அழுத்த நோய் உள்ளவருக்குக் கண் வலிக்கும், பாட்டிக்கு ராத்திரியில் இருப்பிடமே குழம்பும். வலிப்பு வந்த வரலாறு உள்ள பிள்ளைகளுக்கும் இவை வேண்டாம், மூளையின் ஹிஸ்டமின் வலிப்பை அடக்கி வைப்பதில் பங்கு வகிக்கிறது. மது அருந்தும் பழக்கம் உள்ளவர் இவற்றை அன்றைக்குத் தொடவே கூடாது: இரண்டும் ஒரே சுவரைத் தாண்டி ஒரே பக்கம் தள்ளுகிறவை. புதுச்சேரிக்கு வார இறுதியில் வந்து திரும்புகிற கார்களை நினைத்தால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விலையை யோசிக்கிறவர்கள் பிராண்டுப் பெயரை விட்டுவிட்டு ஃபெக்ஸோஃபெனடின் என்று மருந்தின் பெயரைச் சொல்லி மக்கள் மருந்தகத்தில் கேட்டுப் பார்க்கலாம். கடலூர்ப் பக்கம் முதல்வர் மருந்தகமும் உண்டு.

அட்டையின் பின்பக்கம்

சி.பி.எம். வேண்டாம் என்று முடிவு செய்தவர்கூட அது தெரியாமல் போடுவது சளி மாத்திரையில். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் பிராண்டுப் பெயர், கீழே பொடி எழுத்தில் பாரசிட்டமால் 500 மி.கி., அடுத்து ஃபினைலெஃப்ரின், அதற்கடுத்து குளோர்ஃபெனிரமின் மாலியேட் 2 மி.கி., சிலவற்றில் கஃபீன். அந்த மூன்றாவது வரிதான் நம்முடைய ஆள். 4 மி.கி. மாத்திரைக்கு மூளையில் சுமார் பாதி ஏற்பி போகும் என்று மேலே பார்த்தோம், இது அதில் பாதி அளவு. கஃபீன் சேர்த்திருப்பதால் தூக்கம் சமன் ஆகிவிடும் என்று நம்பி வண்டியை எடுக்க வேண்டாம். இதோடு காய்ச்சலுக்கென்று தனியாகப் பாரசிட்டமால் போட்டால் அது இரட்டிப்பாகும், ஒரு நாளுக்குப் பெரியவர்களுக்கு 4 கிராம் எல்லை. ஃபினைலெஃப்ரினை வாயால் விழுங்கினால் மூக்கடைப்புக்குப் பலன் இல்லை என்று 2023-ல் எஃப்டிஏவின் ஆலோசனைக் குழுவே சொல்லிவிட்டது. நான்கு வயதுக்குக் கீழே குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்து தரக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் உத்தரவிட்டது. வீட்டில் மிச்சம் இருக்கும் சொட்டு மருந்துப் பாட்டிலை எடுத்துப் பார்ப்பது நல்லது.

இன்னொரு கூட்டு, மான்டெலுகாஸ்ட்டோடு லெவோசெட்ரிசினோ ஃபெக்ஸோஃபெனடினோ சேர்ந்தது. அட்டையில் "எம்" என்று முடிந்தால் பெரும்பாலும் அதுதான். மான்டெலுகாஸ்ட்டுக்கு மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் பற்றி எஃப்டிஏ 2020-ல் தன் மிகக் கடுமையான, கட்டம் போட்ட எச்சரிக்கையைச் சேர்த்தது. சாதாரண தும்மலுக்கு அது தேவையா என்று எழுதித் தந்த டாக்டரிடம் கேட்க வேண்டும். கடையில் தானாகக் கேட்டு வாங்குகிற மருந்து அல்ல.

எந்த மாத்திரையும் உதவாத இடங்கள்

வைரஸ் சளியில் மூக்கு ஒழுகுவது பெரும்பாலும் ஹிஸ்டமினால் அல்ல. அதனால் ஃபெக்ஸோஃபெனடின் அங்கே வேலை செய்யாது. சி.பி.எம். கொஞ்சம் உலர வைக்கிறதே என்றால், அது அசிட்டைல்கோலினை அடைப்பதால் வருகிற உலர்ச்சி, வாய் உலர்வதும் அதே வழியில்தான்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்களின் கையில் வரும் கொப்புளமும் புண்ணும் ஓட்டில் உள்ள எண்ணெயின் வேலை. கார்டால், அனகார்டிக் அமிலம் போன்றவை தோலை நேரடியாக அரிக்கும், சிலருக்கு டி-செல் என்ற நோய் எதிர்ப்புச் செல் வழியாக ஒவ்வாமையும் வரும். மாஸ்ட் செல்லுக்கு அதில் பெரிய பங்கில்லை. எத்தனை செட்ரிசின் போட்டாலும் ஆறாது. கையுறையும், தோல் டாக்டர் தரும் ஸ்டீராய்டு களிம்பும்தான் வழி. அங்கே சி.பி.எம். கொடுத்தால் அரிப்பு குறையாமல் ஆளை மட்டும் தூங்க வைக்கும்.

மூக்கடைப்பே பெரிய தொல்லை என்றால் மாத்திரையைவிட ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே நன்றாகக் கேட்கும். அதன் முழுப் பலனுக்குப் பல நாள் தினம் அடிக்க வேண்டும். வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால் அடித்தால் முனை தானாக வெளிப்பக்கம் திரும்பும். நடுச்சுவரில் அடித்தால் ரத்தம் கசியும். அதனால்தான் பலர் இரண்டே நாளில் விட்டுவிடுகிறார்கள்.

இறாலோ நண்டோ சாப்பிட்டு உதடு வீங்கி, மூச்சு இரைந்து, தலை சுற்றினால் எந்த அலர்ஜி மாத்திரையையும் தேடி நேரம் கழிக்கக் கூடாது. பெரியவர்களுக்கு தொடையின் வெளிப்பக்கத் தசையில் 0.5 மி.கி. அட்ரினலின் ஊசி, அதுதான் முதல் மருந்து. 108-ஐக் கூப்பிட்டு, கால்களை உயர்த்திப் படுக்க வையுங்கள், மூச்சு முட்டினால் உட்கார வையுங்கள். அவில் ஊசி அதற்குப் பிறகு வருகிற சில்லறை வேலை.

எந்த மாத்திரையைத் தேர்ந்தாலும் முதல் மாத்திரையை விடுமுறை நாளில் போட்டுப் பாருங்கள். போட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டில் உள்ள வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: பேச்சு இழுக்கிறதா, கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாகிறதா. உங்கள் சொந்தக் கணிப்பைவிட அவர் சொல்வது நம்பகமானது. தடுமாற்றம் தெரிந்தால், ஷிப்டுக்குப் போகும் நாளுக்கு வேறு வகை மாத்திரையைத் தேர்ந்தெடுங்கள்.